வால்வின் மேல் மூன்று செங்கல்

அம்சா மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வாங்குவதை நீங்கள் ஒருநாள் பார்க்க வேண்டும். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு எதிரில் தள்ளுவண்டியில் வறுத்த மல்லாட்டையைக் குவித்து வைத்திருப்பவரிடம் போவாள். குவியலின் உச்சியில் ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று என்று மூன்றை எடுத்து உடைத்துப் பார்ப்பாள். ஒன்று சொத்தையாக இருந்தால் நிம்மதியாகக் கால் கிலோ வாங்கிக்கொள்வாள். மூன்றும் நன்றாக இருந்துவிட்டால்தான் தொல்லை. "மூணுமே நல்லா இருக்குதே, அது எப்படிய்யா?" என்று வண்டிக்காரரைக் கேட்டுவிட்டு, வாங்காமலே போய்விடுவாள்.

இப்படி ஒரு பெண்மணியோடு பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தவன் நான். என் பெயர் வெங்கடாசலம். மேல்நிலைத் தொட்டிக்கு அடியில் இருக்கிற பம்பு ரூமில் மோட்டார் ஓட்டுகிறேன். தொட்டியை நிரப்புவது என் வேலை. நிரம்பிய தண்ணீரைத் தெருத்தெருவாக வால்வைத் திறந்து விடுவது அம்சாவின் வேலை. நான் நிரந்தர வேலைக்காரன், அவள் கான்ட்ராக்ட். அவள் புருஷன் பெரியதம்பி அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தான். ஒரு காலை வால்வைத் திறந்துகொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அம்சா பம்பு ரூமுக்கு வந்து, "அவரோட சாவிய எடுத்துக்கினு போறேன்ண்ணே" என்றாள். சாவி என்றால் பூட்டுச் சாவி இல்லை. நெஞ்சு உயரத்துக்கு ஓர் இரும்புக் கம்பி, மேலே குறுக்குப் பிடி, கீழே வால்வின் தலையைக் கவ்வுகிற சதுரக் குழி. அதைத் தோளில் போட்டுக்கொண்டு அறுபத்தொரு வால்வையும் ஒரே வாரத்தில் மனப்பாடம் செய்துவிட்டாள்.

தினமும் காலை ஐந்தரைக்கு அவளிடமிருந்து போன் வரும்.

"தண்ணி ஏறிச்சாண்ணே?"

"ஏறிச்சு."

"எவ்ளோ?"

"பன்னெண்டு அடி."

"நீ ஏறிப் பாத்தியா, மீட்டரு சொல்லிச்சா?"

எனக்கு எரிச்சலாக வரும். பன்னிரண்டு வருஷத்தில் ஒருநாள்கூட அவள் மீட்டரை நம்பவில்லை. என்னையும் நம்பவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். எங்கே போகிறாய் என்று கேட்டால், "ஏன் கேக்குற?" என்பாள். இதை நான் எழுதிக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் முதல் கேள்வி, எதுக்கு என்பதுதான்.

அவள் பிறந்தது மேல்சித்தாமூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அடுத்தவர் நிலத்தில் களை பறித்து வளர்ந்த குடும்பம். எட்டு வயதில் நடந்த ஒன்றை அவளே ஒருமுறை சொன்னாள். யாரோ இரண்டு பேர் வந்து, வீட்டுக்குப் பின்னால் ஆடு கட்டுகிற இடத்தைச் சங்கிலி போட்டு அளந்தார்களாம். உனக்கு நல்லதுதான் என்று சொல்லி அவள் அப்பாவிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டு போனார்களாம். அடுத்த மழைக்குள் அந்த இடத்தில் வேறு யாருடைய வேலியோ முளைத்துவிட்டது. "அளக்க வந்தாங்கன்னா எடுக்கத்தான் வந்துருக்காங்கண்ணே" என்று முடித்தாள். அன்றைக்கு நான் அவளைக் கேலி செய்யவில்லை.

இப்படிப்பட்டவள் ஒரு திருட்டுக் காரியத்துக்கு என்னைக் கூட்டுச் சேர்த்தாள் என்றால், அந்தக் கோடை எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இரண்டாயிரத்துப் பதினேழு. ஏரியெல்லாம் வெடித்துக் கிடந்தது. ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் சவுக்குத்தோப்புக் காலனி என்று நாற்பத்து மூன்று வீடு. கூலி வேலைக்குப் போகிற குடும்பங்கள். ஒரு போர்வெல், அதிலிருந்து ஏறுகிற ஒரு சின்டெக்ஸ் தொட்டி, அதுதான் அவர்களுடைய தண்ணீர். அந்த வருஷம் போர் செத்துவிட்டது. நான்கு நாளைக்கு ஒரு லாரி வரும், சில வாரம் வராது. காலனிக்குத் திரும்புகிற முனை வரைக்கும் எங்கள் மெயின் பைப்பு போகிறது. தார் ரோட்டோடு நின்றுவிடும். அங்கிருந்து தொட்டி எழுபது மீட்டர். அந்த எழுபது மீட்டருக்கான மனு பல வருஷமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

தார் ரோட்டுக்காரர்களுக்கு அம்சா தண்ணீர் திறந்து விடும்போது, காலனியிலிருந்து புனிதா என்ற பெண் இரண்டு குடத்தோடு வந்து எதிரில் நிற்பாளாம். பேசமாட்டாள், கேட்கமாட்டாள், நிற்பாள். "திட்டியிருந்தா பரவால்லண்ணே. அது ஒண்ணுமே சொல்லல" என்றாள் அம்சா. அப்புறம் மெதுவாக, "உன்ன நம்பலாமாண்ணே?" என்று கேட்டாள்.

நம்பலாம் என்று நெஞ்சைத் தட்டிச் சொன்னேன். அதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பங்குனி உத்திரத்தன்று மயிலத்தில் தேர். ஊரில் பாதிப் பேரும் ஆபீஸில் முக்கால்வாசிப் பேரும் மலைக்குப் போய்விடுவார்கள். பட்டப்பகலில், கொளுத்துகிற வெயிலில் வேலையை முடித்தோம். காலனி ஆண்கள் பள்ளம் எடுத்தார்கள். பம்பு ரூம் பின்னால் வருஷக்கணக்காகக் கேட்பாரற்றுக் கிடந்த மூன்று இஞ்ச் பைப்புத் துண்டுகளை ஒட்டி நீளமாக்கினோம். மெயின் பைப்பைத் துளைத்துக் கிளை எடுத்தது நான்தான். அதைச் செய்கிற தொழில் அம்சாவுக்கும் தெரியாது, காலனியிலும் யாருக்கும் தெரியாது. முனையில் மண் பாதையின் மேற்கு ஓரமாக ஒரு வால்வு வைத்தோம். அதைத் தாண்டினால் வேப்பமர வேர் குறுக்கே வந்தது. பைப்பைக் கிழக்கு ஓரத்துக்குத் திருப்பி, அப்படியே தொட்டிக்குக் கொண்டுபோனோம். பார்க்கிறவனுக்கு அது போர் தண்ணீர்த் தொட்டி. உள்ளே ஏறுவது எங்கள் தண்ணீர்.

மறுநாள் போனால் வால்வு மூடியின் மேல் மூன்று செங்கல் நிற்கிறது. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வேப்பிலை சொருகியிருந்தது. அம்சா வைத்தது. "சாமின்னா எவனும் தூக்கிப் பாக்க மாட்டான்" என்றாள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சாமியைக்கூட இவள் காவலுக்குத்தான் வைத்திருக்கிறாள்.

ஆனால் செங்கல் செங்கல்லாகவே இருக்கவில்லை. தண்ணீர் வந்த முதல் வாரமே ஒருத்தி கற்பூரம் ஏற்றினாள். அடுத்த ஆடி மாதம் காலனியே கூடி அங்கே கேப்பைக் கூழ் ஊற்றியது. குழாயம்மா என்று பெயரும் வந்துவிட்டது. புனிதா வேதக்காரி, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவள். அவளும் ஒரு மெழுகுவர்த்தி கொண்டுவந்து ஓரமாக வைத்தாள். அடியில் வால்வு இருப்பது காலனியில் எல்லோருக்கும் தெரியும். ஒருநாள் விட்டு ஒருநாள் அம்சா வந்து செங்கல்லை நகர்த்திச் சாவியைப் போட்டுத் திருப்புவதை அவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆரம்பத்தில் பார்ப்பவர்களுக்காகச் செருப்பைக் கழற்றிவிட்டுச் செங்கல்லைத் தொட்டாள். பிற்பாடு யாரும் பார்க்காதபோதும் கழற்றினாள்.

ஏழு வருஷம் இப்படிப் போனது. எட்டாவது வருஷம் அரிபிரசாத் வந்தான்.

ஊரில் பாதாள சாக்கடை போடப்போகிறார்கள், அதற்கு முன் மண்ணுக்கு மேலும் கீழும் இருப்பதையெல்லாம் கம்ப்யூட்டர் மேப்பில் ஏற்ற வேண்டும் என்று ஒரு தனியார் கம்பெனியை அமர்த்தினார்கள். ஜி.ஐ.எஸ். என்று பெயர். கம்பெனி அனுப்பிய பையன் அரிபிரசாத், இருபத்தெட்டு வயதிருக்கும். மரக்காணம் பக்கத்தில் கடலோரக் குப்பத்து ஆள். கையில் சிலேட்டு மாதிரி ஒரு கம்ப்யூட்டர் டேப், முதுகில் குடை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கருவி. அதை வால்வின் மேல் நட்டுவைத்தால் இடத்தை விரற்கடைச் சுத்தமாகச் சொல்லிவிடுமாம். கூடவே நடந்து எல்லா வால்வையும் காட்ட வேண்டும் என்று அம்சாவுக்கு உத்தரவு வந்தது.

"எதுக்காம்?" என்று என்னைக் கேட்டாள்.

"லீக்கு ஆனா எங்கன்னு டக்குனு தெரியறதுக்கு."

"எனக்குத் தெரியுமே. என்னக் கேட்டா போதுமே. அப்பால எதுக்கு?"

எனக்கே உள்ளுக்குள் ஒரு அரிப்பு இருந்தது. வேறு ஏதோ ஊரில் இப்படி அளந்து முடித்த மூன்றாம் மாதம், கணக்கில் இல்லாத பைப்பையெல்லாம் வெட்டிவிட்டார்கள் என்று டீக்கடையில் ஒருவர் சொன்னார். எந்த ஊர் என்று அவருக்கும் தெரியவில்லை. அம்சாவுக்கு அது போதுமானதாக இருந்தது.

அந்த டேப்பை முதலில் சோதித்துப் பார்த்தாள். திங்கட்கிழமை ரயில் கேட் பக்கமிருந்து வந்து ஒரு வால்வைக் காட்டினாள். புதன்கிழமை வேறு சந்து வழியாகச் சுற்றி வந்து அதே வால்வைப் புதிதாகக் காட்டுவதுபோலக் காட்டினாள். அரிபிரசாத் டேப்பைப் பார்த்துவிட்டு, "அக்கா, இது முந்தாநாளு எடுத்ததாச்சே" என்றான். அன்றைக்குச் சாயங்காலம் பம்பு ரூமுக்கு வந்து தரையில் உட்கார்ந்தாள். "அதை ஏமாத்த முடியலண்ணே" என்றாள். நிஜமாகவே பயந்திருந்தாள்.

காலனி முனைக்கு அவர்கள் போன அன்றைக்கு நானும் மோட்டாரை நிறுத்திவிட்டுப் பின்னாலேயே போனேன். அரிபிரசாத் செங்கல் முன்னால் நின்றான்.

"இது இன்னாக்கா?"

"சாமி" என்றாள் அம்சா.

குழாயடியில் இருந்த புனிதாவும், "எங்க சாமிங்க, குழாயம்மா" என்றாள். அவள் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை.

அவன் குனிந்து பார்த்தான். நிமிர்ந்து தார் ரோட்டைப் பார்த்தான், தொட்டியைப் பார்த்தான். ஒரு போட்டோ எடுத்து டேப்பில் ஏதோ தட்டினான். திரும்பி நடக்கும்போது சம்பந்தமே இல்லாமல் ஒரு கதை சொன்னான். "எங்கப்பா போட்ல ஜி.பி.எஸ். வெச்சிருக்காருக்கா. எங்க மீனு நெறைய வுழுதோ அந்த எடத்த அதுல குறிச்சி வெச்சிக்குவாரு. அண்ணன் தம்பி கேட்டாக்கூடக் காட்ட மாட்டாரு. வேற எடத்தக் காட்டி வுட்டுருவாரு."

"உங்கப்பா கத எனக்கு எதுக்குப்பா?" என்றாள் அம்சா, கொஞ்சம் சூடாகவே.

அவன் சிரித்துவிட்டுப் போய்விட்டான். அந்தச் சிரிப்பை ஒரு மாதம் ஆராய்ச்சி செய்தாள். அவனுக்குத் தெரிந்துவிட்டதா, தெரிந்தும் ஏன் கேட்கவில்லை, கேட்காதவன் யாரிடம் போய்ச் சொல்வான். "பேஜாராப் போச்சுண்ணே. அவன் கேட்டுருந்தா திட்டி அனுப்பியிருப்பேன்" என்றாள்.

இரண்டு மாதம் கழித்து விழுப்புரத்துக்குக் கூப்பிட்டார்கள். கம்பெனி அங்கே ஒரு மாடியை வாடகைக்கு எடுத்திருந்தது. மேப் தயார், வேலை பார்க்கிறவர்கள் வந்து பார்த்துத் தப்பு இருந்தால் சொல்லலாம் என்றார்கள். அம்சாவும் நானும் பஸ்ஸில் போனோம். ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து கூட்டேரிப்பட்டு வரைக்கும் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "தப்பு இருந்தா சொல்லுன்னு ஏன் சொல்றாங்க? தப்பு பண்ணது யாருன்னு புடிக்கவா?"

சுவர் அளவுக்கு ஒரு திரை. அதில் எங்கள் ஊர். பைப்புக்கு நீலக் கோடு, வரப்போகிற சாக்கடைக்குச் சிவப்புக் கோடு, கரண்டு கம்பத்துக்கு மஞ்சள் புள்ளி, கோயிலுக்குச் சின்னக் கோபுரப் படம். புருஷன் பெரியதம்பி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த இடத்தை அம்சா தானாகவே தேடிக் கண்டுபிடித்துவிட்டாள். அங்கே ஒரு நீல வட்டமும் பதினேழு என்ற நம்பரும் இருந்தன. என் தொட்டியும் இருந்தது, பம்பு ரூமின் தகரக் கூரைகூடத் தெரிந்தது. சாக்கடைத் திட்டத்தைப் பார்க்கிற எஞ்சினியர் சூர்யகலா மேடம் நிதானமாக ஒவ்வொரு தெருவாகக் கேட்டுக்கொண்டு வந்தார். அரிபிரசாத் கம்ப்யூட்டரில் நகர்த்திக்கொண்டிருந்தான். வரிசையில் காலனி வந்தது. மண் பாதையின் மேற்கு ஓரமாக வந்த சிவப்புக் கோடு, முனையில் சின்னக் கோபுரத்துக்கு முன்னால் வளைந்து கிழக்கு ஓரத்துக்குத் தாவி, அப்படியே தொட்டி வரைக்கும் போனது.

"அந்தக் கோடு ஏன் மேடம் வளைஞ்சிருக்குது?" என்று அம்சா கேட்டாள்.

"அங்க ஒரு கோயில் இருக்குதும்மா. கோயில்லேர்ந்து மூணு மீட்டர் தள்ளித்தான் தோண்டணும். கிழக்கு ஓரம் காலியாத்தான இருக்குது, அதனால அங்க மாத்திட்டோம்."

திரையில் கிழக்கு ஓரம் காலியாகத்தான் இருந்தது. எங்கள் பைப்பு மேப்பில் இல்லை. அம்சா வைத்த சாமிதான் சாக்கடையைப் பிடித்து நேராக எங்கள் பைப்பின் தலையில் தள்ளியிருந்தது.

அவள் எழுந்து வராந்தாவுக்குப் போனாள். நானும் போனேன்.

"பேசாம இரு அம்சா. ஜேசிபி தோண்டும்போது பைப்பு ஒடையும். ஒடைஞ்சா யாரு போட்டதுன்னு யாருக்கும் தெரியாது, நாம வேற பக்கம் போட்டுக்கலாம்" என்றேன்.

"ஒடையாம இருந்தா?"

"இருந்தா நல்லதுதான?"

"இன்னாண்ணே பேசுற? தண்ணிய நிறுத்துனதும் பைப்பு காலியாவுது. காலியான பைப்பு சுத்தி இருக்கறத உறிஞ்சுது. பக்கத்துல சாக்கடை போய்க்கினு இருந்தா அது எத உறிஞ்சும்? நாம ஒட்டுன ஜாயிண்ட்டு எப்படின்னு உனக்குத் தெரியாதா? அந்தத் தொட்டியிலதான் நாப்பத்து மூணு வூடும் குடிக்குது."

அவள் சொன்னது முழுக்கச் சரி. முப்பது வருஷமாகப் பம்பு ஓட்டுகிறவனுக்கு அது தெரியாதா? தெரிந்துதான் பேசாமல் இரு என்றேன்.

"சொன்னா வெட்டிப்புடுவாங்க. உன் வேலையும் போகும்" என்றேன்.

"தெரியும்."

"எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் சர்வீஸ் இருக்குது அம்சா."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அதுவும் தெரியும்ண்ணே" என்றாள். உள்ளே போய், உட்காராமல் நின்றபடியே சொன்னாள்.

"மேடம், அது கோயில் இல்ல. வால்வு."

யாரோ சிரித்தார்கள். மேடம் கையிலிருந்த பட்டியலைப் புரட்டி, "அந்த எடத்துல வால்வே இல்லையேம்மா" என்றார்.

"உங்க லிஸ்ட்ல இல்லாத வால்வு, மேடம்."

அரிபிரசாத் தலையைத் தூக்கவில்லை. அவனுக்கு முதல் நாளே தெரியும் என்பது எனக்கு அப்போது புரிந்தது. மேடம் பட்டியலை மூடிவிட்டு, நாளைக்கு நேரில் வந்து பார்க்கிறேன் என்றார். திரும்பி வரும் பஸ்ஸில் அம்சா என் பக்கத்தில் உட்காரவில்லை. கூட்டம் இல்லை, இடம் இருந்தது.

மறுநாள் பத்து மணிக்குக் காலனிப் பெண்கள் எல்லோரும் முனையில் கூடிவிட்டார்கள். செங்கல்லைச் சுற்றிப் புதிதாகக் கோலம் போட்டிருந்தது. அம்சா தோளில் சாவியோடு வந்தாள். பின்னால் மேடம், அரிபிரசாத், நான்.

"கோயில் இல்லன்னு சொன்னியாமே?" என்றாள் புனிதா. அவள் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதில்லை.

"நான் வெச்ச செங்கல்லு புனிதா. உனக்குத் தெரியாதா?"

"நீ வெச்சதுதான். யாருக்குத் தெரியாது? நீ வெச்சதாலயே சாமி இல்லன்னு ஆயிடுமா? ஏழு வருஷமா இங்கதான் நின்னு கேக்கறோம். தண்ணி வந்துக்கினுதான இருக்குது?"

சாக்கடை எந்தப் பக்கம் வரப்போகிறது, தொட்டியில் என்ன கலக்கும் என்று மட்டும் அம்சா சொன்னாள். கூட்டம் அடங்கியது. ஆனாலும் யாரும் ஒதுங்கி வழிவிடவில்லை. அம்சா செருப்பைக் கழற்றினாள். ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு கையால் நகர்த்துகிற செங்கல்தான், அன்றைக்கு இரண்டு கையாலும் தூக்கினாள். ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினாள். புனிதா முந்தானையில் ஏந்தி வாங்கிக்கொண்டாள். அப்புறம் மூடியைத் தூக்கிச் சாவியைப் போட்டுத் திருப்பினாள். எழுபது மீட்டர் தள்ளி, தொட்டிக்குள் தண்ணீர் விழுகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

அரிபிரசாத் கருவியை வால்வின் மேல் நட்டான். பைப்பு போன வழியெல்லாம் அம்சா முன்னால் நடந்து காட்ட, அவன் நடந்து குறித்தான். முனைக்குத் திரும்பி வந்ததும் டேப்பில் கேட்கிற கேள்விகளை ஒவ்வொன்றாகப் படித்தான். எத்தனை இஞ்ச், எந்த வருஷம், யார் போட்டது.

"நான்" என்றாள் அம்சா.

மேடம் நிமிர்ந்தார். "மெயின்லேர்ந்து கிளை எடுக்கறது வால்வு ஆப்பரேட்டர் செய்யற வேலை இல்லையேம்மா. கூட யாரு?"

நான் அவளுக்கு இரண்டடி பின்னால் நின்றுகொண்டிருந்தேன். நெஞ்சைத் தட்டி நம்பலாம் என்று சொன்ன அதே ஆள். வாயைத் திறக்க வேண்டும் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே நின்றேன்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "யாரும் இல்ல மேடம். நான் மட்டும்தான்" என்றாள்.

காலனியில் அத்தனை பேருக்கும் என்னைத் தெரியும். ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. அது இன்னும் கேவலமாக இருந்தது.

மேடம் தள்ளிப் போய்ப் போனில் யாரிடமோ பேச ஆரம்பித்தார். அரிபிரசாத் குரலைத் தணித்து, "நான் தெரியாதுன்னு போட்டுக்கறேன்க்கா. உங்களுக்கு ஒண்ணும் வராது" என்றான்.

"இன்னா போட்ட? காட்டு."

காட்டினான். போட்டவர் என்று இருந்த கட்டத்தில் தெரியவில்லை என்று இருந்தது. அம்சா அதை எழுத்துக் கூட்டிப் படித்தாள். அவள் முகம் மல்லாட்டை வண்டி முன்னால் நிற்கும்போது இருக்குமே, அப்படி ஆனது.

"அழி. தெரியாதுன்னு இருந்தா நாளைக்கு எவனாச்சும் வந்து, இது யாருதும் இல்லன்னு வெட்டிப்புடுவான். கேக்க ஆளு இருக்கணும். என் பேரப் போடு."

"உங்களுக்குத்தான்க்கா பிரச்சனை."

"எனக்குத் தெரியும். ஜல்தி போடு, அந்தம்மா வருது."

அவன் போட்டான். போட்டுவிட்டு இன்னொரு தடவை அவளிடம் காட்டினான்.

பைப்பை வெட்டவில்லை. குடிக்கிற தண்ணீர், மேப்பில் ஏறிவிட்டது, இனி அதையும் கணக்கில் வைத்துத்தான் திட்டம் போட வேண்டும் என்று மேடம் எழுதினாராம். வால்வைக் கிழக்கே தள்ளி வைத்தார்கள். பழைய ஜாயிண்ட்டுகளை எடுத்துவிட்டுப் புது பைப்பு போட்டார்கள். சாக்கடை மேற்கு ஓரத்துக்கே திரும்பியது. செங்கல் மூன்றையும் புனிதா பாதையை விட்டு நன்றாகத் தள்ளி, வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தாள். இப்போது அதற்கு ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. அம்சாவை மட்டும், அடுத்த மாதத்திலிருந்து வர வேண்டாம் என்று ஆள் எடுக்கிற கான்ட்ராக்டர் சொல்லிவிட்டார். சாவியைக் கொண்டுவந்து பம்பு ரூம் சுவரில் சாய்த்துவிட்டுப் போனாள்.

இப்போது மல்லாட்டை மண்டியில் சொத்தை பொறுக்குகிறாள். அவளுக்கென்றே படைத்த வேலை. அவள் கையைத் தாண்டி ஒரு சொத்தைகூடப் போவதில்லை என்று மண்டிக்காரர் சொல்கிறார்.

எங்களுக்கெல்லாம் அந்த மேப்பைப் போனிலேயே கொடுத்துவிட்டார்கள். மாதத்துக்கு ஒருமுறை, மண்டி லீவு அன்றைக்கு, அம்சா பம்பு ரூமுக்கு வருவாள். உட்காரமாட்டாள்.

"இருக்குதாண்ணே?"

நான் போனை எடுத்துக் காலனியைத் தேடிக் காட்டுவேன். நீலக் கோடு இருக்கும்.

"பெருசு பண்ணிக் காட்டு."

பெரிசாக்கித் தொட்டால் விவரம் வரும். நம்பர், எழுபது மீட்டர், மூன்று இஞ்ச், போட்டவர் அம்சா. அவள் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படிப்பாள். போன மாதம் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறதா என்று பார்ப்பாள்.

போன தடவை வந்தபோது எனக்குத் தாங்கவில்லை. நான் ரிட்டயர் ஆக இன்னும் நான்கு மாதம்தான் பாக்கி. "அம்சா, அந்தக் கட்டத்துல என் பேரையும் சேக்கச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன்.

போனிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"இப்ப எதுக்குண்ணே?" என்றாள்.

இன்னொரு தடவை பெரிசு பண்ணிக் காட்டச் சொன்னாள். பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.